குழந்தைக்கென்று வாங்கும் பொருள்

உலகத்தில் நடைபெறும் கொள்ளல் விற்றல்களில் பெரும்பாலும் வாங்குகிறவனே அனுபவிக்கிறவனாகவும் இருக்கிறான். செருப்புக் கடித்தால் வாங்கியவன் காலைத்தான் கடிக்கும். ஒழுகுங் குடையை வாங்கினால் வாங்கியவன் தலைதான் நனையும். அடுத்த முறை அந்தக் கடைப் பக்கம் போகாதிருக்க அவனுக்கு வேறு உபதேசம் வேண்டுவதில்லை. குழந்தைக்கென்று வாங்கும் பொருளோ அத்தகையதன்று. பணம் கொடுப்பவர் ஒருவர். அப்பொருளின் நன்மை தீமைகளைத் தன் உடம்பில் ஏற்பது இன்னொரு உயிர். அவ்வுயிருக்கு வாய் பேச வராது, அழத்தான் வரும். அந்த அழுகைக்குப் பொருள் சொல்பவரும் நாமே; அதற்குப் பரிகாரமென்று கடையிலிருந்து ஒன்றை வாங்கி வருபவரும் நாமே.

ஆகவே பால் புட்டி, கொசுவலை, நடைவண்டி முதலிய சாமான்களைப் பற்றிய பேச்சு, பெண்கள் அடுப்படியில் பேசிக்கொள்ளும் அற்ப விஷயம் என்று ஒதுக்குவோருடன் நமக்கு உடன்பாடில்லை. மறுத்துச் சொல்ல இயலாத ஒருவர் பொருட்டுத் தீர்மானம் செய்யும் உரிமை நம் கையில் இருக்கும்போது, நாம் எதற்குக் கட்டுப்பட்டவர்கள்? தவறு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? இது அறநூலோர் ஆராயத்தக்க கேள்வி. இந்நாட்டிலே இஃது ஏட்டுக் கேள்வியாக மட்டும் இருந்ததுமில்லை. இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

1936-ஆம் ஆண்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் குழந்தை வைத்தியர் மலாயாவுக்கு மாற்றப்பட்டு வந்தார். ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்றவர். மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்று அந்நாளில் வழங்கிய கானாவிலே பணியாற்றி, குவாஷியோர்க்கர் என்னும் சத்துக் குறை நோயை வைத்திய உலகம் அறியச் செய்தவர். சிங்கப்பூரில் அவர் கண்ட காட்சி யாதெனில்: டின் பால் வியாபாரிகள் தாதிமாரைப் போல் வெள்ளுடை உடுத்திய பெண்களை ஏவி, பிள்ளை பெற்ற தாய்மாரிடம் அனுப்பினர். 'உன் பாலைக் காட்டிலும் எங்கள் டின்னில் உள்ள இனிப்புப் பாலே பிள்ளைக்கு உகந்தது' என்று அவர்கள் நயமாகப் பேசினர். தாய் நம்பினாள். வெள்ளுடையைக் கண்டால் ஆஸ்பத்திரி நினைவுதானே எவருக்கும் வரும்? 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்டபோது அவ்வம்மையார் தம் சொற்பொழிவுக்கு 'பாலும் கொலையும்' என்றே தலைப்பிட்டார். இத்தகைய பொய்ப் பிரசாரத்தைத் தண்டிக்கத்தக்க குற்றமாகக் கருத வேண்டும் என்றும், அதனால் நேரும் சிசு மரணங்களைக் கொலையென்றே கொள்ள வேண்டும் என்றும் அவர் கூசாமல் கூறினார். கேட்டிருந்தவர்கள் பட்டணத்துப் பெரிய வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் ஆவர்.

சில மாதங்களுக்கு முன் இச்சொற்பொழிவின் வரலாற்றை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது. பேராக் மாநிலத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, பொழுது புலருமுன் நிரைக்குள் இறங்கி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது உச்சி வெயில் சாய்ந்துவிடும். அந்த ஏழெட்டு மணி நேரமும் கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். கொட்டகைக்கு ஒரு புட்டியும், டின் பாலை வெந்நீரில் கரைத்து ஊற்றிய ஒரு போத்தலும் போகும். எனக்குப் பின் பிறந்த தம்பி 1959-இல், ஏழாம் மாதத்தில், வயிற்றுப்போக்குக் கண்டு இரண்டே நாளில் இறந்தான். எனக்கு அவன் முகம் நினைவில்லை. தோட்டத்து டிரஸர் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அம்மா பெரட்டுக்குப் போய்விட்டார்.

நான் படித்து முடித்ததும் தாயார் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்படியானால், ஐயா, அந்தப் பிள்ளையைக் கொன்றது நான்தானா?" என்று கேட்டார்.

நேயர்களே, நான் படித்ததற்காக வருந்தினேன். ஆயினும் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அதற்கு நேர்மையான விடை தேடாமல், 'விதி, அம்மா' என்று மழுப்புவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று தோன்றியது.

முதலில் அந்த டின்னில் இருந்தது என்ன என்று பார்ப்போம். இனிப்பேற்றிக் கெட்டியாக்கிய பாலின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை. கெடாமல் இருப்பதற்காகவே அவ்வளவு சர்க்கரை. அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பார் 1856-இல் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றபோது அதன் நோக்கம் பால் நெடுநாள் தாங்க வேண்டும் என்பதே, சிசுக்களை வளர்ப்பதன்று. கொழுப்பெடுத்த பாலைக் காய்ச்சிய மலிவுச் சரக்கும் உண்டு. கொழுப்பு போனால் அதனுடன் ஏ என்னும் உயிர்ச்சத்தும் போய்விடும். அதையே குடித்து வளரும் பிள்ளைக்குக் கண் கெடும். டின்னின் விலையோ கூலிக்காரிக்குப் பெருஞ்செலவு. ஆகவே ஒரு டின்னை நாலு நாள் நீட்டுவதற்காக நீர் கூடும். நீர் கூடச் சத்துக் குறையும். லயத்துக் குழாய் நீரும், அரைகுறையாகக் கழுவிய புட்டியும், வெயிலில் புளித்த மிச்சப் பாலும் சேர்ந்தால் வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிள்ளை குடிக்கக் குடிக்கச் சுரப்பதே தாய்ப்பாலின் இயல்பாதலால், ஏழு மணி நேரம் பிள்ளை வாய் வைக்காத மார்பில் பால் நாளடைவில் வற்றிப்போகும். ஒருமுறை புட்டிக்குப் போனவள் மறுபடி திரும்புவது அரிது. மரத்துப் பாலைச் சொட்டு விடாமல் சேர்த்துக் கொடுத்த பெண்ணுக்குத் தன் பாலைக் கொடுக்க நேரமில்லை.

இப்போது குற்றம் யாருடையது? 'வியாபாரி சரக்கை வைத்தான், வாங்கினவள் அவள், வாங்குகிறவர்தாம் விழிப்பாயிருக்க வேண்டும்' என்று வாதிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். செருப்பு, குடை விஷயத்தில் இவ்வாதம் ஒருவாறு செல்லும். குழந்தை விஷயத்தில் செல்லாது. ஏனெனில் கெட்ட சரக்கால் துன்புற்றவன் மறுமுறை வந்து கடைக்காரனைத் திட்டுவான் என்ற பயமே சந்தையை ஓரளவு யோக்கியமாக வைத்திருக்கிறது. இறந்த சிசு கடைக்கு வந்து திட்டுவதில்லை. அதன் தாயோ, டின்னைச் சந்தேகிக்கத் தெரியாமல் தன்னையும் தன் பாலையும் கண்ணேறையும் கிரகத்தையும் சந்தேகித்துக்கொண்டு, அடுத்த பிள்ளைக்கும் அதே டின்னைக் கடனுக்கு வாங்குகிறாள்.

இன்னொரு வாதம் இதைவிடப் பொல்லாதது. நம் வீடுகளிலேயே கேட்கலாம். 'நாங்களெல்லாம் டின் பால் குடித்துத்தானே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?' என்பது அது. நானும் அதே டின் பாலைக் குடித்து அறுபத்தெட்டு வயது வரை வந்தவன்தான். ஆனால் இவ்வழக்கில் பிழைத்தவர்கள் மட்டுமே சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது. என் தம்பி சாட்சி சொல்ல வரமாட்டான்.

ஒருவன் மேல் குற்றம் சுமத்த வேண்டுமானால் அவனிடம் இரண்டு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: அறிவும் சக்தியும். தீமை என்று அறிந்திருக்க வேண்டும். வேறு விதமாகச் செய்ய இயலக்கூடியவனாயும் இருக்க வேண்டும். என் தாயாருக்கு இரண்டும் இல்லை. டின்னின் மேலிருந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. வாசித்திருந்தாலும் பெரட்டு நேரத்தை மாற்ற அவரால் முடியாது. வெள்ளுடைப் பெண்களை ஏவியவர்களுக்கோ இரண்டும் இருந்தன, இலாபமும் இருந்தது. இடையில் நின்றவர்கள் பலர்: கடன் கொடுத்த கடைக்காரர், புட்டியை வாயில் வைத்த ஆயா, கொட்டகையைக் கட்டிக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று கருதிய துரை. இவர்களில் ஒவ்வொருவருக்கும் அறிவு எவ்வளவோ, சக்தி எவ்வளவோ, குற்றமும் அவ்வளவே. ஆயா மேல் எனக்குக் கோபமில்லை. ஒருத்தி, இருபது பிள்ளைகள்.

ஆனால் இந்த அளவுகோல் இருபுறமும் கூருடையது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. அறியாதவளைக் காப்பாற்றும் அதே நியாயம் அறிந்தவரைப் பிடித்துக்கொள்கிறது. இன்று நாம் அறிந்தவர்கள். 1974-இல் இங்கிலாந்தில் இப்பால்மாவு வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறு நூல் வெளிவந்தது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் சரக்குகளை வாங்காதிருக்கும் கிளர்ச்சி தொடங்கியது. மலேசியாவில் 1979-இலேயே பால்மாவு வியாபாரத்துக்கு ஒரு நெறிமுறை ஏற்பட்டது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, சிசுவின் பால்மாவைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கலாகாது என்று ஒரு சர்வதேச நெறியை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 118 நாடுகள்; எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. சிங்கப்பூரில் ஒரு பெண்மணி தனித்து நின்று சொன்னதை உலகம் காதில் வாங்க நாற்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. இடையில் யுத்த காலத்தில் அவ்வம்மையார் சாங்கிச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே இருபது பிள்ளைகள் பிறந்ததையும், இருபதும் தாய்ப்பால் குடித்ததையும், இருபதும் உயிர் பிழைத்ததையும் பிற்காலத்தில் அவர் சொல்லிக் காட்டுவதுண்டு. சிறையில் டின் பால் விற்க வருவோர் இல்லை.

இன்று மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் இனிப்பு டின்கள் பலவற்றை எடுத்துப் படித்தால், பால் என்ற பெயர்கூட இல்லாமல் 'கிரீமர்' என்றிருக்கும்; உள்ளே இருப்பதில் பெரும் பகுதி சர்க்கரையும் தாவர எண்ணெயுமே. கித்தா மரத்தை வீழ்த்திச் செம்பனை நட்டார்கள். அதன் எண்ணெயும் இந்த டின்னுக்குள் போய்ச் சேர்ந்தது. தேநீருக்கு அது ருசியாயிருக்கலாம். இன்னும் சில வீடுகளில் அதைக் கரைத்துப் பிள்ளை வாயில் வைப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் வீடு. அங்கே அறியாமை என்ற சமாதானம் செல்லாது.

நிற்க. பொருள் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றி அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். 'எது உயர்ந்தது?' என்று கேட்பது பயனற்ற கேள்வி. கடைக்காரருக்குப் பிடித்த கேள்வி. 'இது கெட்டால் கெட்டது என் கண்ணுக்குத் தெரியுமா? இது கேட்கும் ஊழியத்தை என் வீடு தினந்தோறும் செய்ய வல்லதா?' என்பவையே நாம் கேட்கத் தக்கவை. புட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கழுத்திலும் ரப்பர் காம்பின் மடிப்பிலும் ஒட்டிய பால் கண்ணுக்குப் படாது. கிருமி அங்கேதான் குடியிருக்கும். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையோ வாய் அகன்றது, மூக்கு நீண்டது, உள்ளும் புறமும் ஒரே பார்வையில் தெரியும், கொதிநீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. பழமை என்பதற்காக அதை நான் புகழவில்லை. பிள்ளையை மல்லாத்திக் கிடத்தி, வாயைப் பிடித்துத் திறந்து, அழ அழ அதில் ஊற்றி மூச்சுத் திணற வைத்த பழமையும் நம்முடையதே. அதை ஒழிக்கத்தான் வேண்டும். தலையை உயர்த்திப் பிடித்து, பிள்ளை தானே விழுங்க விழுங்கக் கொடுத்தால் அதைவிட எளிய கருவி இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்குக் கிண்ணத்தாலும் பாலாடையாலும் ஊட்டுவதை இக்கால வைத்தியரும் ஒப்புகின்றனர்.

பால்மாவும் அப்படியே. தாய்க்குப் பால் இல்லாமற் போவதுண்டு. தாயே இல்லாமற் போவதுமுண்டு. மருந்துகளின் பொருட்டுப் பால் கொடுக்கலாகாத நிலையுமுண்டு. அப்பிள்ளைகளைப் பால்மாவு காப்பாற்றியிருக்கிறது. புட்டியோடு நிற்கும் பெண்ணைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் பெரிய மனிதர்கள் அவள் கதையைக் கேட்ட பிறகு சுளிக்கட்டும். ஆனால் டப்பாவிலுள்ள மாவு கிருமியற்றதன்று என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். கொதித்த நீர் 70 பாகை வெப்பத்துக்குக் கீழே ஆறுமுன் அதில் மாவைக் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழி சொல்லியிருக்கிறது. அளவுக் கரண்டியைத் தலை வழித்து அளக்க வேண்டும்; மிச்சத்தைக் கொட்ட வேண்டும். இத்தனையும் இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கண்ணோடு, ஆறு மாதம் செய்ய வேண்டும். அந்த ஊழியம் செய்யவல்ல வீட்டில் அது நல்ல பொருள். செய்ய இயலாத வீட்டில், விலை எவ்வளவு உயர்ந்ததாயினும், அது நல்ல பொருளன்று.

பெருமைக்காக வாங்குவது இன்னொரு வியாதி. பிள்ளைக்குப் பொன் அரைஞாணும் காப்பும் பூட்டிப் பார்க்காவிட்டால் உறவினர் என்ன சொல்வார்களோ என்று கடன்படுபவர் வீட்டில் ஒரு கொசுவலை இராது. டெங்குக் காய்ச்சலைக் கொண்டுவரும் கொசு இரவில் கடிப்பதைவிடப் பகலில்தான் மிகுதியும் கடிக்கும்; கைக்குழந்தையோ பகலெல்லாம் ஏணையில் தூங்கும். ஏணையைச் சுற்றிப் போடும் வலைக்குச் சில வெள்ளிதான் விலை. அதைப் பார்த்து யாரும் மெச்சமாட்டார்கள்; அதுதான் அதன் குறை.

சக்கரம் வைத்த வளையத்தில் பிள்ளையை உட்கார்த்தி உருள விடுகிறார்களே, அந்த 'வாக்கரை' கனடா தேசம் 2004-இல் விற்கவே கூடாதென்று தடுத்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு மண்டை உடைகிறது; நடையும் சீக்கிரம் வருவதில்லை. மரத்தால் செய்த பழைய நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நின்று தானே தள்ள வேண்டும். விழுந்தால் தன் உயரத்துக்குத்தான் விழும். காரில் பிள்ளைக்குத் தனி ஆசனம் வேண்டுமென்று மலேசியாவில் 2020 ஜனவரி முதல் சட்டம். வேண்டியதுதான், உயிர் காக்கும் பொருள். ஆயினும் மோட்டார் சைக்கிளில் பின்னால் மனைவியையும் நடுவில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு போகும் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று; ஆண் மக்களுக்குக் கசப்பாயிருக்கலாம். 'தாய்ப்பாலே தலைசிறந்தது' என்று மேடையில் முழங்குவதற்குக் காசு செலவில்லை. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறது வைத்திய சாஸ்திரம். ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள். அதற்கு முன் 60. தகப்பனுக்கு 7 நாள். மிச்சமுள்ள எண்பது நாளை யார் கொடுப்பது? அவ்விடைவெளியில்தான் புட்டியும் மாவும் நுழைகின்றன. தாயின் சௌகரியத்துக்காக வாங்கும் பொருளைச் சோம்பேறித்தனம் என்று பழிப்பவர்கள், அவள் ஒரு நாள் பொழுதை யார் இவ்வாறு அமைத்தது என்று கேட்பதில்லை. களைப்பு பாவமன்று. களைத்த தாய்க்கு ஓய்வு தரும் பொருள், அதன் விலையைப் பிள்ளையின் உடம்பிலிருந்து வசூலிக்காதவரை, நல்ல பொருளே.

என் தாயாருக்கு இவ்வளவையும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. 'உங்கள் குற்றமன்று, அம்மா' என்றேன், காரணங்களையும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அந்த வாரமே என் மகள் பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைக்கு மீண்டும் வேலைக்குப் புறப்பட்டாள். விடுமுறை முடிந்துவிட்டது. பாலைக் கறந்து சேர்க்கும் சிறு யந்திரம் ஒன்றும், குளிர் காக்கும் பையும் வாங்கியிருந்தாள். கறந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் நிற்கும், குளிர்பெட்டியில் நான்கு நாள் நிற்கும் என்று பாட்டிக்கு விளக்கினாள். பாட்டி அந்த யந்திரத்தைக் கையில் வாங்கி, திருகிக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தின் உள்ளேயும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுவ எளிதாயிருக்கிறதா என்று பார்த்தார் போலும்.

"நல்லதுதான், கண்ணு. அங்கே இதற்கு ஓர் அறை கொடுப்பார்களா? நேரம் கொடுப்பார்களா?" என்றார்.

"எழுதிக் கேட்டிருக்கிறேன், பாட்டி. இன்னும் பதில் வரவில்லை" என்றாள் அவள்.